சான் ஃபிரான்சிஸ்கோவின் கோய்ட் டவர் கோபுரத்துக்குப் போனவர்களுக்கு இன்னும் மனசில் நிற்பது எது?

நிலக்கோட்டையான்:
அம்மா கல்யாணம் ஆகும் வரை மல்லித் தோட்டத்தில் பூப் பறித்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ வந்தபோது கூட்டிப்போனேன். லிஃப்டுக்கு வரிசை. கீழ்தளத்துச் சுவரோவியங்கள் தெரியுமே, அதில் கலிஃபோர்னியா விவசாயம் இருக்கும் சுவர் முன்னால் அம்மா நின்றுவிட்டார். பூவும் ஆரஞ்சும் பறிக்கிற அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, வரிசை நகருது" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். மேலே கோல்டன் கேட் பாலம், அல்கட்ராஸ் தீவு எல்லாம் காட்டினேன், தலையாட்டினார். காரில் ஏறின பிறகுதான் கேட்டார்: "வரைஞ்சவன் எப்பவாச்சும் பூப் பறிச்சிருப்பானாடா?" வரைந்தது மேக்சின் ஆல்ப்ரோ என்ற பெண். அதுவும் வீட்டுக்கு வந்து தேடித்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் நிற்க விட்டிருக்கலாம்.

ரெண்டு பிள்ளைக்கு அப்பா:
கோபுரமே தீயணைப்புக் குழாயின் முனை மாதிரி கட்டினது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கோபுரத்துக்குப் பணம் விட்டுப்போன லில்லி கோய்ட்டுக்குத் தீயணைப்பு வீரர்கள் மேல் அவ்வளவு பாசம். மகள் நூலகத்தைக் காட்டும் சுவரோவியம் முன்னால் நின்று, "இவர் ஏன்பா பேப்பரைக் கசக்கிட்டு அந்தப் புக்கை எடுக்கிறார்?" என்றாள். அது மார்க்ஸின் மூலதனம். எனக்குப் பதில் வரவில்லை. 1934இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த நேரம், இந்த மாதிரிக் காட்சிகளால் திறப்பையே தள்ளிப்போட்டார்கள் என்று பிறகுதான் படித்தேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை.

கிளிச்சத்தம்:
அப்பா சார், குழாய் முனைக் கதை தவறு. கட்டினவர்கள் அப்படி நினைத்துக் கட்டவில்லை. 1929இல் இறந்த லில்லி, நகரத்தை அழகுபடுத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்தார். அதில் 1933இல் எழுந்ததுதான் இந்த 210 அடிக் கோபுரம். வீரர்களுக்கான சிலை கீழே வாஷிங்டன் சதுக்கத்தில் தனியாக இருக்கிறது. பிள்ளையிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

என் கதை சின்னது. கோபுரத்துக்கு ஏறிப்போகும் ஃபில்பர்ட் படிகளில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். தலைக்கு மேல் செந்தலைக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், போகிறவர்களுக்கு: காரில் போகாதீர்கள், மேலே வண்டி நிறுத்த இடம் ரொம்பக் குறைவு. 39ஆம் நம்பர் பஸ் போகும். லிஃப்ட் உச்சி வரை போகாது, கடைசியில் படி ஏறவேண்டும். முட்டிவலிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும், மூடுபனி வந்தால் பாலம் தெரியாது. இரண்டாம் தள ஓவியங்களை வழிகாட்டியோடுதான் பார்க்கலாம். கீழ்தளத்துக்கு டிக்கெட்டே வேண்டாம்.

நிலக்கோட்டையான்:
கீழ்தளத்துக்கு டிக்கெட் வேண்டாமா? சரி. அம்மா அடுத்த வருஷம் மறுபடி வருகிறார். இந்தத் தடவை லிஃப்ட் வரிசையில் நிற்கப்போவதில்லை.