காட்பாடி சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேரணாம்பட்டிலிருந்து:

"ஏம்மா, எந்த காலேஜ்மா?"

வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் முடித்து சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வந்த முதல் வாரம் ஒரு சீனியர் கேட்டார். காட்பாடியில் இருக்கும் வேலூர் அரசு சட்டக் கல்லூரி என்றேன். "ஓ, மெட்ராஸ் இல்லையா" என்று கேஸ் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் மேல் கோபம் இல்லை. சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் வந்தது, எங்களுடையது 2008-இல். ஹைகோர்ட்டை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் படித்த தலைமுறைக்கு லா காலேஜ் என்றாலே அது ஒன்றுதான். ஆனால் 2018-இல் அங்கிருந்த வகுப்புகளே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டன. அதைவிட முக்கியம், அவர்களும் நாங்களும் எழுதியது ஒரே சட்டப் பல்கலைக்கழகத்தின் கேள்வித்தாள். பட்டமும் ஒன்றே.

எங்கள் நைனா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சீட், தனி நுழைவுத்தேர்வு இல்லை என்பதால்தான் அஞ்சு வருஷப் படிப்பில் சேர்ந்தேன். கோச்சிங்குக்குப் பணம் கட்டு என்றிருந்தால் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். காலையில் குடியாத்தம் வந்து, கே.வி.குப்பம், லத்தேரி வழியாக பஸ். நின்றுகொண்டே அரசமைப்புச் சட்டம் படித்திருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் நாங்கள்தான் முதல் பட்டதாரி. கிராமத்துப் பிராதில் மனைக்கட்டு, வரப்புச் சண்டை என்று வந்தால் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை எந்தப் பழைய கட்டடமும் கற்றுத்தராது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே சீனியர் ஆறு மாதம் கழித்து ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் கட்டைக் கையில் கொடுத்து, "சாட்சி உங்க ஊர்ப் பக்கம், நீயே பேசும்மா" என்றார். காலேஜ் பேச்சு அப்புறம் வரவில்லை.

அரக்கோணத்திலிருந்து:

தங்கச்சி சொன்னதை இன்னொரு பக்கமிருந்து சொல்கிறேன். நான் 1992-இல் சென்னையில் சேர்ந்தேன். சீசன் டிக்கெட், சென்ட்ரலில் இறங்கிப் பாரிமுனை வரை நடை. சட்டப் பல்கலைக்கழகம் வந்ததே 1997-இல், அதனால் என் பட்டம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியுடையது. அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். அம்பேத்கர் பெயரைச் சுமந்த மாவட்டத்தில் ஒரு அரசு சட்டக் கல்லூரி இல்லையே என்று அன்றைக்கே எனக்கு வருத்தம். அரக்கோணத்துக்காரனுக்காவது ரயில் உண்டு. திருப்பத்தூர், ஆம்பூர்ப் பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு வழியில்லாமல் மாநில எல்லை தாண்டி வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். ஒழுங்காக வகுப்புக்குப் போய்ப் படித்து வந்தவனையும் 'லெட்டர்பேடு காலேஜ்' (பெயருக்கு மட்டும் நடக்கும் கல்லூரி) என்று வக்கீல்கள் கூடும் பார் ரூமில் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வக்கீல் தொழிலையே விட்ட நண்பன் எனக்கு உண்டு. காட்பாடியில் கல்லூரி பதினைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் அவன் இன்று கோர்ட்டில் நின்றிருப்பான்.

குடியாத்தத்திலிருந்து:

படிப்புக்கு ஆன செலவு எங்கள் வீட்டுக்குத் தாங்கியது. என்ரோல்மென்ட் சமயத்தில்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தபோது அழுதுவிட்டேன். வழக்கறிஞர் சட்டத்தில் உள்ளபடி பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று. இப்போது என் தம்பி அதே காட்பாடியில் கடைசி வருஷம்.