ஹட்டன் குளிருக்குத் தார் உருகாதாம்!

வயரிங் பாஸ் (ஹட்டன்)
நேற்று இங்கே ஒருத்தர் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "சப் (கீழ்ச்சுருதி ஸ்பீக்கர்) போட்டால் கதவு கடகடக்கிறதா? பியூட்டைல் மேட்டுக்கு (அதிர்வைக் குடிக்க ஒட்டும் ரப்பர் பட்டை) காசைக் கொட்டாதீர்கள். ஹாட்வெயார் கடையில் கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப்பட்டை வாங்கி உள்ளே ஒட்டுங்கள். நம்ம மலைநாட்டுக் குளிருக்கு அது உருகவே உருகாது." இதுதான் அவர் சொன்னது. கீழே வரிசையாக, "சூப்பர் ஐடியா மச்சான்".

பதினெட்டு வருஷமாக வண்டிக்கு செட் பூட்டுகிறேன். போன வாரம் ஒரு ஆல்டோ வந்தது. ஷட்டர், அதாவது கதவுக் கண்ணாடி, இறங்கவில்லை என்று சொன்னார்கள். கதவின் உட்பக்க டோர் போர்டைக் கழற்றினால் உள்ளே தார் ஒழுகி, கண்ணாடி இறங்கும் தடத்தில் தேன் மாதிரி இறுகிப்போய் இருக்கிறது. அதில் இலை, தூசி, செத்த பூச்சி. பின் சீட்டில் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கை அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அந்தத் தாய் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம். அதுவும் ஹட்டனில் ஓடுகிற வண்டிதான். குளிர் எங்கே போனது?

டொல்பின் தம்பி (கொட்டகலை)
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் அண்ணே, பயம் ஒன்றும் இல்லை.

என் டொல்பின் வேனில் தார்ப்பட்டை ஒட்டி மூன்று வருஷம். பின்னால் 12 அங்குல சப் இரண்டு. ஒரு சொட்டு உருகவில்லை. நீங்கள் மேட் விற்கிறீர்கள், உங்களுக்கு அப்படித்தான் தெரியும். வண்டிக் கம்பனிக்காரனே தரையில் தார்த்தகடு வைத்துத்தான் அனுப்புகிறான். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

வயரிங் பாஸ் (ஹட்டன்)
தம்பி, கம்பனிக்காரன் தரையில் போடுகிறான், கதவில் அல்ல. தரை படுத்துக் கிடக்கிறது, இளகினாலும் அங்கேயே கிடக்கும். அதுவும் பெயின்ட் காயவைக்கும் அடுப்பில் வெந்து தகட்டோடு ஒட்டிப்போன சாமான். கதவு நிற்கிறது. நிற்கிற தகட்டில் ஒட்டினது இளகினால் கீழேதான் வரும்.

ரோட்டுக்குப் போடும் சாதாரணத் தார் 50 பாகைக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். "ஹட்டனில் ஏது 50 பாகை" என்று கேட்காதீர்கள். வெளியே 22, 23 பாகை இருக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் உள்ளே 40ஐத் தாண்டும். கறுப்பு வண்டியின் கதவுத் தகட்டில் கையே வைக்க முடியாது. மார்ச் மாதம் வந்து என் கடை வாசலில் வைத்துப் பாருங்கள்.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
கூரைத் தாரும் ரோட்டுத் தாரும் ஒன்றா? கூரைக்கு வருவது காற்று ஊதிப் பதப்படுத்தின தார், 85 பாகை வரைக்கும் தாங்கும். நானும் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். மூன்று வருஷம், ஒரு சொட்டு இல்லை.

பதுளைக்காரன்
எனக்கு உருகியது. அதே பட்டைதான். ஆறு மாசம்கூடத் தாங்கவில்லை. பாஸ் சொல்வது சரி.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
பதுளை கணக்கில் வராது அண்ணே. நான் மலைநாட்டுக் குளிரைப் பற்றி எழுதினேன்.

பதுளைக்காரன்
என்னது, கணக்கில் வராதா? பதுளை மலைநாடு இல்லாமல் வேறு என்ன? எங்கள் ஊரைச் சுற்றித் தோட்டம் இல்லையா, லயம் இல்லையா? 1924இலேயே ரயில் வந்த ஊர். நுவரெலியா பக்கத்து ஆட்களுக்கு எப்போதும் இந்த எண்ணம்தான், நாங்கள் ஏதோ வேறு நாட்டு ஆட்கள் மாதிரி.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
பதுளை 680 மீட்டர். ஹட்டன் 1,270க்குக் கிட்ட. பாதி உயரத்தில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்.

கம்பளை மாணவன்
ஒரு கேள்வி. நாம் எந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்? இரண்டு சாமான் ஒன்றோடு ஒன்று மோதுகிற கடகடவா, தகடு தானாக அதிர்கிற ரீங்காரமா, அல்லது ரோட்டுச் சத்தமா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு அல்லவா? முதலில் அதைத் தெளிவாக்கினால் நல்லது.

பதுளைக்காரன்
680 மீட்டர் என்றால் மனுஷன் இல்லையா? பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் எந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்று தெரியுமா தம்பிக்கு?

பனிமூட்டம் (நானுஓயா)
உருகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் பிரச்சினை தலைகீழ். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கும். அந்த நேரம் தார்ப்பட்டை பிஸ்கட் மாதிரி இறுகிப்போகும். இறுகின தார் அதிர்வை எங்கே குடிக்கும்? என்னுடையது ஓரம் வெடித்துக் கிளம்பி, அதுவே கதவுக்குள் டப் டப் என்று அடித்தது. சத்தத்தை நிறுத்தப் போட்ட சாமானே சத்தம் போட்டது.

பியூட்டைல்கூடக் காலைக் குளிரில் ஒட்டாது. தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தலைமுடி காயவைக்கிற மெஷினால் மேட்டைச் சூடாக்கி, உருளையால் அழுத்தி ஒட்டினேன். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
ஆக நானுஓயாவில் உருகவில்லை. நன்றி அண்ணே. இதைத்தான் நானும் சொன்னேன்.

பனிமூட்டம் (நானுஓயா)
நான் சொன்னதில் உங்களுக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டீர்கள்.

வயரிங் பாஸ் (ஹட்டன்)
சரி, தாரை ஒரு பக்கம் வையுங்கள். வேலை தெரிந்தவன் என்ன செய்வான் என்று சொல்கிறேன், படிக்கிறவர்களுக்காவது உதவட்டும்.

வண்டி வந்தவுடன் நான் மேட்டைக் கையில் எடுக்க மாட்டேன். போனில் 20 ஹேர்ட்ஸிலிருந்து 100 வரைக்கும் மெதுவாக ஏறுகிற சுருதியைப் போட்டுவிட்டு, ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்து, நான் வெளியே சுற்றிவருவேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சுருதி உண்டு, அந்தச் சுருதியில் மட்டும்தான் கத்தும். 38இல் டிக்கி மூடி, 45இல் நம்பர் பிளேட், 60 தாண்டினால் டோர் போர்ட் என்று வண்டிக்கு வண்டி மாறும். கத்துகிற இடத்தை உள்ளங்கையால் அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.

பாதி நேரம் நம்பர் பிளேட்தான். நான்கு மூலைக்கும் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினால் முடிந்தது கதை. கரோலா 121 மாதிரி வண்டியில் டிக்கி மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும், நடுவில் துணி டேப் சுற்ற வேண்டும். ஸ்பெயார் வீலுக்குப் பக்கத்தில் ஜாக்கி, ஸ்பேனர். கதவுக்குள் பூட்டுக்குப் போகும் கம்பி. உடைந்த கிளிப். போன மாதம் ஒரு வேனில் இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாருக்கு அடியில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. டிரைவர் விளக்கு வைக்கும்போது காணிக்கையாக வைத்தது. அதை எடுத்து உண்டியலில் போடச் சொன்னேன், சத்தம் நின்றது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேட். அதுவும் கதவு முழுக்க அப்பத் தேவையில்லை. தட்டினால் டங் என்று கேட்கிற நடுப்பகுதியில், தகட்டின் கால்வாசியை மூடினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அப்புறம் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகாமல் அம்ப்ளிஃபயரில் (அம்ப்) வெட்டிவிட வேண்டும். கீழ்ச்சுருதி சப்புக்கு மட்டும் போகட்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

இன்னொன்று. கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். தாரோ மேட்டோ, அதை மூடினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இதைச் சொல்லாமல் "ஒட்டுங்கள் ஒட்டுங்கள்" என்று எழுதுவது பாவம் தம்பி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் சொந்த வாகனத்துக்குத் திறந்துவிட்டார்கள். இப்போதும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிற கதவைத்தான் நம் ஆட்கள் காப்பாற்ற வேண்டும்.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், தார் உருகும் என்பதற்கு ஒரு போட்டோ போடவில்லையே?

கம்பளை மாணவன்
பாஸ் அண்ணா, இப்போது நீங்கள் சொன்னது பெரும்பாலும் மோதுகிற சத்தம். அதற்கு மேட்டே தேவையில்லை என்றுதானே வருகிறது? அப்படியானால் தாரா மேட்டா என்ற சண்டையே...

வயரிங் பாஸ் (ஹட்டன்)
தம்பி, நீங்கள் புதுசு. கொஞ்சம் பொறுங்கள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளட்டும்.

டொல்பின் தம்பிக்கு ஒரே கேள்வி. உங்கள் வேன் ஹயர் ஓடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் கதிர்காமத்துக்கு ஆள் ஏற்றுகிறீர்கள். கதிர்காமத்திலும் கொட்டகலைக் குளிரா? அங்கே பகல் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டுத்தானே கோயிலுக்குப் போகிறீர்கள்?

டொல்பின் தம்பி (கொட்டகலை)
போனேன். இரண்டு தடவை போனேன். உருகவில்லை.

வயரிங் பாஸ் (ஹட்டன்)
டோர் போர்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

டொல்பின் தம்பி (கொட்டகலை)
எதற்குக் கழற்ற வேண்டும்? ஷட்டர் நன்றாக இறங்குகிறது.

லயத்துக் கடைசி வீடு
உங்கள் வண்டிக்குள் சத்தம் வராமலிருக்க இத்தனை வைத்தியம் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? வளைவில் கடைசி வீடு எங்களுடையது, தகரக் கூரை. ராத்திரி பத்து மணிக்கு ஹயர் முடிந்து வேன் வரும். பாட்டு கேட்பதற்கு முன்பே தகரம் உறுமும். ஆணி இளகி, மழைக்கு அந்த இடத்தில்தான் ஒழுகுகிறது. அலமாரியில் டம்ளர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கும். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வேன் போன பிறகும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், விட்ட இடம் தெரியாமல்.

கதவில் எதை ஒட்டினாலும் அந்தச் சத்தம் வெளியே வராமல் இருக்குமா? அதைச் சொல்லுங்கள்.

பனிமூட்டம் (நானுஓயா)
வரும் அக்கா. 40 ஹேர்ட்ஸ் அலையின் நீளமே எட்டரை மீட்டருக்குப் பக்கம். 2 மில்லிமீட்டர் மேட்டுக்கு அது நிற்காது. மேட் தகட்டின் கடகடவைத்தான் குறைக்கும். குறைத்துப் போடுவது ஒன்றுதான் வழி.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
அக்கா, நான் ஊருக்குள் வரும்போது குறைத்துவிடுவேன். அது என் வேனாக இருக்காது. இந்தப் பக்கம் டொல்பின் எத்தனை ஓடுகிறது.

லயத்துக் கடைசி வீடு
பின் கண்ணாடியில் நீல எழுத்தில் வேல் போட்ட வேன்.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
வேல் எல்லாரும்தான் போடுகிறார்கள்.

சரி, இதையும் சொல்கிறேன். பாஸுக்கு என் மேல் ஏன் இந்தக் கோபம் என்று எல்லாருக்கும் தெரியட்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கடையில் ஒரு அம்ப் வாங்கினேன். பழசைப் புதுசு என்று கொடுத்தார். திருப்பிக் கொண்டுபோனேன், எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போவதில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் இன்றைக்குத் தாராக உருகுகிறது.

வயரிங் பாஸ் (ஹட்டன்)
அந்த அம்பைப் புதுசு என்று நான் சொல்லவே இல்லை, பில்லில் "பாவித்தது" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். பில்லை வைத்திருந்தால் போடுங்கள். எர்த் வயரைப் பெயின்ட்டுக்கு மேல் முடுக்கி, நீங்களே அதை எரித்துக்கொண்டு வந்தீர்கள். என் கடைப் பெயரை இப்படி இழுப்பது நியாயமில்லை. பதினெட்டு வருஷம் நான் ஒருத்தரையும் ஏமாற்றினது கிடையாது.

பதுளைக்காரன்
எங்கள் ஊரைக் கணக்கில் வராது என்று சொன்னவருக்கு அம்ப் எரிந்தது சரிதான்.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
பேச்சை மாற்றாதீர்கள். தார் உருகினதா, இல்லையா?

வயரிங் பாஸ் (ஹட்டன்)
உருகும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், உங்களுக்காகத் திறக்கிறேன். வேனைக் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். நான்கு திருகாணி, எட்டு கிளிப். எல்லார் முன்னாலும் இடது பக்க டோர் போர்டைக் கழற்றிப் பார்ப்போம்.

டொல்பின் தம்பி (கொட்டகலை)
ஞாயிறு ஹயர் இருக்கிறது. அப்புறம், உங்கள் கையில் என் கதவைக் கொடுக்க மாட்டேன். நீங்களே கிளிப்பை உடைத்துவிட்டுத் தார் மேல் பழி போடுவீர்கள்.

பனிமூட்டம் (நானுஓயா)
அப்படியானால் நீங்களே கழற்றி ஒரு போட்டோ போடலாமே?

டொல்பின் தம்பி (கொட்டகலை)
எதற்கு? மூன்று வருஷம். ஒரு சொட்டு இல்லை.

லயத்துக் கடைசி வீடு
ஞாயிறு ஹயர் முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள் தம்பி? திங்கள் காலை மகளுக்குக் கணக்குப் பரீட்சை.