நெட்வொர்க் இல்லாத இரண்டு கணினிகளில் ஒரே ஜியோபேக்கேஜ்: ஒத்திசைப்பது எப்படி?

கரைமேடு:
வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்க் கணக்கெடுப்பு. அலுவலகத்தில் ஒரு டெஸ்க்டாப், களத்தில் ஒரு லேப்டாப். இரண்டும் விண்டோஸ், இரண்டிலும் ஒரே கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) பதிப்பு. இடையில் நெட்வொர்க் கிடையாது, களத்தில் இணையமும் இல்லை. வாரம் ஒருமுறை பென்டிரைவ் போய் வரும்.

ஒரே ஜியோபேக்கேஜில் (பல வரைபட அடுக்குகளை வைக்கும் ஒற்றைக் கோப்பு) கண்மாய் (பலகோணம்), மடை, கலிங்கு (புள்ளி), வரத்துக்கால் (கோடு) என நான்கு அடுக்குகள். மடை அடுக்கு கண்மாயின் எஃப்ஐடி (கோப்பு தானாகக் கொடுக்கும்) எண்ணை வைத்து இணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் திருத்தம் நடக்கிறது.

சிக்கல் இரண்டு. லேப்டாப்பிலிருந்து வரும் கோப்பில் கடைசியாகச் சேமித்த திருத்தங்கள் சில சமயம் இருப்பதில்லை. புதிய உருவங்களைக் காப்பி-பேஸ்ட் செய்து சேர்த்தால் மடைகள் வேறு கண்மாயோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. பேசாமல் பழைய ஷேப்ஃபைல் வடிவத்துக்கே திரும்பிவிடலாமா?

அடுக்குமடிப்பு:
ஷேப்ஃபைல் வேண்டாம் நண்பரே. அதில் உரைப்புலம் (எழுத்து இடும் கட்டம்) அதிகபட்சம் 254 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி (எழுத்து, கால், புள்ளி எல்லாம் தனித்தனி) ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'கண்மாய்' என்று எழுதினாலே 21 பைட் போய்விடும். குறிப்புப் புலத்தில் நான்கு வரி எழுதினால் பாதியில் வெட்டுப்படும். புலப்பெயருக்கு 10 பைட்தான், தமிழில் மூன்று குறிக்கு மேல் பெயர் வைக்க முடியாது.

முதல் சிக்கலுக்குக் காரணம் இது. ஜியோபேக்கேஜ் உள்ளே எஸ்கியூலைட் தரவுத்தளம். கியூஜிஐஎஸ் அதைத் திறக்கும்போது வால் (WAL) என்ற எழுதும் முறைக்கு மாற்றுகிறது. அப்போது நீங்கள் 'சேமி' அழுத்தினாலும் திருத்தம் முதலில் பக்கத்துக் கோப்பில்தான் விழும். கோப்பின் பெயரோடு 'வால்' என்று முடியும் ஒன்றும், 'எஸ்ஹெச்எம்' என்று முடியும் ஒன்றும் அதே கோப்புறையில் தெரியும். முதன்மைக் கோப்புக்கு அது பிறகுதான் இறங்கும். கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போதே முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவுக்கு இழுத்தால் கடைசி வேலை லேப்டாப்பிலேயே தங்கிவிடும்.

கியூஜிஐஎஸ்ஸை முழுதாக மூடுங்கள். கோப்புறையில் அந்த இரண்டு துணைக் கோப்புகளும் மறைந்தனவா என்று பாருங்கள். மறைந்த பிறகே நகல். மறையாவிட்டால் வேறு ஏதோ நிரல் கோப்பைப் பிடித்திருக்கிறது, அல்லது கியூஜிஐஎஸ் பாதியில் விழுந்திருக்கிறது. மறுபடி திறந்து ஒழுங்காக மூடுங்கள். துணைக் கோப்பைக் கையால் அழிக்கவே கூடாது, உங்கள் திருத்தம் அதற்குள்தான் இருக்கிறது. பென்டிரைவில் வைத்தே திருத்துவதும் வேண்டாம்.

இன்னொன்று: கோப்பின் தேதியைப் பார்த்து எது புதியது என்று முடிவு செய்யாதீர்கள். சும்மா திறந்து மூடினாலே தேதி மாறிவிடக்கூடும்.

நடுக்கோடு78:
இரண்டாவது சிக்கல் எஃப்ஐடி. அது அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் வரிசை எண். இரண்டு கணினியிலும் அடுத்த கண்மாய்க்கு ஒரே எண்தான் கிடைக்கும். சேர்க்கும்போது ஒன்றுக்கு வேறு எண் விழும், மடைகள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே உறவை யுயுஐடிக்கு (எந்தக் கணினியிலும் திரும்ப வராத அடையாளக் குறியீடு) மாற்றுங்கள்.

மாற்றத்தை அலுவலகப் பிரதியில் மட்டும் செய்து, பிறகு லேப்டாப்புக்குக் கொடுங்கள். இரண்டிலும் தனித்தனியாக நிரப்பினால் ஒரே கண்மாய்க்கு இரண்டு அடையாளம் வந்துவிடும். எல்லா அடுக்கிலும் ஓர் உரைப்புலம் சேர்த்து, புலக் கணிப்பானில் யுயுஐடி சார்பை இயக்குங்கள் (அடைப்புக்குறியோடு 38 எழுத்து வரும்). மடையில் 'கண்மாய் அடையாளம்' என்று இன்னொரு உரைப்புலம். பழைய உறவு சரியாக இருக்கும்போதே அதை நிரப்பிவிடுங்கள். படிவ அமைப்பில் இயல்பு மதிப்பாக அதே சார்பு. 'திருத்தும்போதும் இடு' என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் தொடும்போதெல்லாம் அடையாளம் மாறும். கண்மாயை வெட்டிப் பிரித்தால் இரண்டு துண்டுக்கும் ஒரே அடையாளம் ஒட்டக்கூடும். புலத்துக்குத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டுவைத்தால் மாட்டிக்கொள்ளும்.

சேர்ப்பதற்கு ஜியோடிஃப் நிரல் (இலவசம், பைத்தானில் பைஜியோடிஃப்). கொடுக்கும் நாளில் உள்ள கோப்பை 'அடிப்படை' என்று பெயரிட்டு வாசிக்க-மட்டும் ஆக்கி அலுவலகத்தில் வையுங்கள். லேப்டாப் கோப்பு வந்ததும் பைஜியோடிஃபில் மாற்றங்களைச் சேர்க்கும் ரீபேஸ் சார்புக்கு அடிப்படை, அலுவலகப் பிரதி, லேப்டாப் பிரதி, முரண்பாட்டுக் கோப்பின் (இருவரும் ஒரே இடத்தில் திருத்தியவை பதிவாகும்) பெயர் என்ற வரிசையில் கொடுங்கள். லேப்டாப் பிரதியே இரண்டும் சேர்ந்த கோப்பாக மாறும். அதனால் முன்னதாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்தபின் அதுதான் புதிய அடிப்படை. இரண்டு கணினிக்கும் அதையே கொடுங்கள்.

கோப்பை ஒப்படைத்த பிறகு, புதியது வரும்வரை லேப்டாப்பில் திருத்தக் கூடாது. சேர்க்கும்போது புதிய உருவங்களின் எஃப்ஐடி மாறியிருக்கலாம், இடையில் செய்த வேலை எதன்மேலும் பொருந்தாது. புலம் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் சேர்த்து முடித்த கோப்பில் மட்டும். ஒரு பக்கம் மட்டும் அமைப்பு மாறினால் ஜியோடிஃப் மறுத்துவிடும்.

ஒருகோப்பு_ஒருகை:
எல்லாம் சரிதான், ஆனா ரெண்டே பேருக்கு இவ்வளவு தேவையாண்ணே? ஜியோடிஃப் வடிவத்தை ஒரே புலமாத்தான் பார்க்கும். ஒரே கண்மாய்க் கரையை வடக்குப் பக்கம் ஒருத்தர், தெற்குப் பக்கம் ஒருத்தர் நகர்த்தினா ரெண்டும் சேராது, ஒண்ணுதான் நிக்கும். அப்புறம் முரண்பாட்டுக் கோப்பைப் படிச்சு யார் உட்கார்றது?

ஊராட்சி ஒன்றியவாரியா கோப்பைப் பிரிச்சுடுங்க. ஒரு கோப்புல ஒரு கணினிதான் எழுதும், மத்தது பார்க்க மட்டும். அப்போ ஒத்திசைவுன்னா வெறும் நகல்தான். முழுப் படம் வேணும்ங்கிறப்போ 'வெக்டர் அடுக்குகளை இணை' கருவி போதும். ஒன்றிய எல்லையைத் தாண்டிப் போற வரத்துக்காலுக்கு மட்டும் யாரு பொறுப்புன்னு முதல்லயே பேசிவச்சுக்கணும்.

நடுக்கோடு78:
பிரிக்க முடிந்தால் அதுவே மேல், ஒப்புக்கொள்கிறேன். களத்தில் மடை புள்ளி வைப்பவரும் அலுவலகத்தில் அதே கண்மாயின் பெயரைத் திருத்துபவரும் இருந்தால் முடியாது. அங்கே ஜியோடிஃப் நன்றாகவே சேர்க்கும், வேறு வேறு புலங்கள்தானே. எப்படியானாலும் உருவங்களை அழிக்க வேண்டாம், 'நிலை' என்று புலம் வைத்து 'நீக்கவும்' என்று குறியுங்கள். ஒருவர் அழித்ததில் இன்னொருவரின் திருத்தம் உட்கார இடமில்லை.

கரைமேடு:
நன்றி. யுயுஐடி, பிறகு ஜியோடிஃப் என்று போகிறேன். களப் புகைப்படங்கள், செயற்கைக்கோள் படம் எல்லாம் இதே பென்டிரைவில்தான் போக வேண்டும். 6 ஜிபி படம் ஒன்று ஏற மறுக்கிறது, இடம் இருக்கிறது.

அடுக்குமடிப்பு:
பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். பெரிய படத்தை ஒருமுறை கொண்டுபோனால் போதும், வாரவாரம் வேண்டாம்.

புகைப்படங்கள் திட்டக் கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் இருக்கட்டும். புலத்தில் சார்புப் பாதை (திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்குவது) மட்டும். 'டி டிரைவ்' என்று தொடங்கும் முழுப்பாதை மற்றதில் திறக்காது. திட்டப் பண்புகளிலும் பாதை 'சார்பு' என்று இருக்க வேண்டும். படத்தின் பெயரில் மடையின் யுயுஐடியோடு எடுத்த நேரத்தையும் சேர்த்தால் ஒரே பெயரில் இரண்டு படம் வராது. நகலுக்கு ரோபோகாப்பி (விண்டோஸின் நகல் கட்டளை), ஃபேட்32 டிரைவ் என்றால் எஃப்எஃப்டி தெரிவும் போடுங்கள், அதில் நேரம் 2 விநாடிக்கு ஒருமுறைதான் பதிவாகும், இல்லாவிட்டால் மாறாத படத்தையும் திரும்பத் திரும்ப எடுக்கும். ஜியோபேக்கேஜுக்கு மட்டும் இரு முனையிலும் விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையில் எஸ்ஹெச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) பார்த்து ஒப்பிடுங்கள். பொருந்திய பிறகே லேப்டாப்பில் உள்ள பழைய பிரதியைத் தொடுங்கள்.