நெடுந்தீவைச் சைக்கிளில் சுற்ற ஒரு நாள் போதுமா?

கேள்வி: சித்திரை லீவுக்குக் கொழும்பிலிருந்து மச்சான் வருகிறான். எல்லாரும் மலைநாட்டு ஊர்களான எல்ல, நுவரெலியா என்கிறார்கள். எனக்கு அவனை யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவான நெடுந்தீவுக்குக் கூட்டிப்போகத்தான் ஆசை. சைக்கிளில் சுற்றலாமா?

பதில் 1: தாராளமாகச் சுற்றலாம் தம்பி. நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகு பிடித்தோம், கடலில் ஒரு மணித்தியாலம். சைக்கிளைப் படகுக்காரரே தூக்கி ஏற்றிவிட்டார். வழி நெடுகப் பவளக்கல் அடுக்கிய வேலிகள், அவ்வளவு அழகு! ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெருக்கமரமும் (பாவோபாப்) உண்டு. தெற்கு வெளியில் குதிரைகள் மேய்ந்தன. கிட்டப் போகாதீர்கள், குட்டிகள் மிரண்டுவிடும். நிழல் குறைவு, ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் கட்டாயம்.

பதில் 2: திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். சித்திரைக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் கடல் கொந்தளிக்கும்.

கேட்டவர்: சரி அண்ணா, அப்ப சித்திரையிலேயே போகிறோம். குதிரைகளைத் தூரத்தில் நின்றே பார்க்கிறோம்.