லெப்ரான் அழித்த திட்டமும் கோச்சின் அதிகாரமும்

காட்பாடிக்காரன்:
"நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கும் அணியில் கோச் வெறும் அலங்காரம். 2015-இல் லெப்ரான் அதைக் காட்டிவிட்டார்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில், லெப்ரான் ஆடிய கிளீவ்லாந்து அணிக்குச் சிகாகோவுடன் பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) நான்காவது ஆட்டம், 84-84, மீதம் 1.5 வினாடி. கிளீவ்லாந்து கோச் டேவிட் பிளாட் டைம் அவுட்டில் (அணி கேட்டு வாங்கும் ஆட்ட நிறுத்தம்) போட்ட திட்டப்படி, லெப்ரான் கோட்டுக்கு வெளியே நின்று இன்னொருவருக்குப் பந்தை எறிந்து கொடுக்க வேண்டும். அவர் அந்தத் திட்டத்தை அழித்துவிட்டுத் தானே பந்தை வாங்கிக் கூடைக்கு எறிந்தார். விழுந்தது, சரி. விழாமல் போயிருந்தால்?

ஆற்காட்டுத் தம்பி:
எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. விழுந்ததா இல்லையா? 86-84. லெப்ரானைப் பந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வது, மாப்பிள்ளையைப் பந்தி பரிமாறச் சொல்வது போல. இவரெல்லாம் கோச்சா?

காட்பாடிக்காரன்:
எதிரணி ஐந்து பேரின் கண்ணும் லெப்ரான் மேல்தான் இருக்கும், இன்னொருவர் காலியாக நிற்பார் என்பது பிளாட்டின் கணக்காக இருந்திருக்கலாம். கணக்கு புரியாதவர்களுக்குக் கூடை மட்டும்தான் தெரியும்.

விசில்:
இருவருக்கும் ஒரு தகவல். அப்போது டைம் அவுட்டே கைவசம் இல்லை. சற்று முன்புதான் பிளாட் இல்லாத டைம் அவுட்டைக் கேட்கக் களத்துக்குள் போனார். உதவிக் கோச் டைரன் லூ பிடித்து இழுத்தார். நடுவர் கண்ணில் பட்டிருந்தால் தண்டனை விழுந்து ஆட்டமே கைவிட்டுப் போயிருக்கும். திட்டம் போட்டது, நடுவர்கள் காணொளி பார்த்த இடைவெளியில்.

ஆற்காட்டுத் தம்பி:
ஆகா! டைம் அவுட்டை எண்ணத் தெரியாதவரின் கணக்கைத்தான் நமக்குப் பாடம் எடுக்கிறார் அண்ணன்.

காட்பாடிக்காரன்:
டைம் அவுட்டோ இடைவெளியோ, திட்டம் போடும் உரிமை யாருடையது? 1994-இல் நியூயார்க்குக்கு எதிராக 1.8 வினாடி இருந்தபோது, கடைசிப் பந்தை எறியும் வேலையைச் சிகாகோ கோச் ஃபில் ஜாக்சன் தன் அணியின் குகோச்சுக்குக் கொடுத்தார். அணியின் நட்சத்திரம் பிப்பென் கோபித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், 104-102. யார் சொன்னது நடந்தது?

ஆற்காட்டுத் தம்பி:
அது 1.8. நான் கேட்டது 1.5. கிளீவ்லாந்து கிழக்குப் பிரிவில் முதலிடம், 30 வெற்றி, 11 தோல்வி. அந்த நிலையிலும் 2016 ஜனவரியில் பிளாட்டை அனுப்பிவிட்டார்கள். லூ வந்தார், இறுதிச்சுற்றில் 3-1 என்று பின்தங்கியும் ஜூனில் கோப்பை. 1981-இல் லேக்கர்ஸ் அணியின் மேஜிக் ஜான்சன், கோச் வெஸ்ட்ஹெட்டின் கீழ் ஆட மாட்டேன், வேறு அணிக்கு அனுப்புங்கள் என்றார். மறுநாளே வெஸ்ட்ஹெட் வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு கோப்பை.

காட்பாடிக்காரன்:
வெஸ்ட்ஹெட் போன இடத்தில் ரைலி வந்தார், பிளாட் போன இடத்தில் லூ. நாற்காலியைக் காலியாகவா வைத்தார்கள்? சான் அன்டோனியோ அணியின் நட்சத்திரம் டங்கனைப் பாருங்கள். அவருடைய கோச் பொபோவிச் எல்லார் முன்னாலும் திட்டியதுண்டு. டங்கன் வாய் திறக்கவில்லை. ஐந்து கோப்பை. ராணிப்பேட்டை மாவட்டத்தில் இதெல்லாம் ஒளிபரப்பாகவில்லை போலிருக்கிறது.

ஆற்காட்டுத் தம்பி:
2019-இல் வேலூரிலிருந்து பிரித்தார்கள் என்பதற்காக நாங்கள் அந்நியர்களா? எங்கள் ஊர்ப் பெயரை வைத்துத்தான் உங்களுக்கே வட ஆற்காடு என்று முகவரி இருந்தது.

விசில்:
கூடைப்பந்துக்குத் திரும்பலாமா?

காட்பாடிக்காரன்:
திரும்பலாம். போன மே மாதம் சிமெண்ட் தரை கொதித்து ஷூவின் அடி கழன்று தொங்கிய ஆட்டத்தில், "பந்தைக் கொடு" என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல் நடுக்கோட்டிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்த லெப்ரான் யார்? பலகையில்கூடப் படவில்லை.

ஆற்காட்டுத் தம்பி:
அன்று நீங்கள் கோச் இல்லை. ஸ்கோர் எழுத உட்காரவைத்திருந்தார்கள்.

காட்பாடிக்காரன்:
ஸ்கோர் எழுதியவனுக்குத்தான் யார் எத்தனை தவறவிட்டார்கள் என்று தெரியும். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, படம் எடுத்துப் போடட்டுமா?

ஆற்காட்டுத் தம்பி:
போடுங்கள். 1.5-க்குப் பதில் மட்டும் இன்னும் வரவில்லை.