வலது கிளிக் மெனுவில் நான்கு கோப்புறைகள்: துணை மெனு விரியவில்லை, உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 பயன்படுத்துகிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்காக நான்கு கோப்புறைகளை நாள் முழுவதும் மாறி மாறித் திறக்க வேண்டியிருக்கிறது. எல்லாமே ஐந்தாறு அடுக்குகளுக்கு உள்ளே இருக்கின்றன. முகப்புத் திரையில் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவிலேயே அவை இருந்தால் பெரிய நிம்மதி. ஷார்ட்கட் போடலாம்தான், ஆனால் திரை வெறுமையாக இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, ‘டெஸ்க்டாப்பேக்ரவுண்ட்’ பகுதியின் ‘ஷெல்’லுக்குள் ‘வரைவுகள்’ என்று ஒரு கீ (ரெஜிஸ்ட்ரிக்குள் கோப்புறை போன்ற ஒரு பிரிவு), அதற்குள் ‘கமாண்ட்’ என்று இன்னொரு கீ உருவாக்கினேன். அதன் மதிப்பாக கோப்புறைகளைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் நிரலின் பெயரையும், மேற்கோள் குறிக்குள் கோப்புறையின் முகவரியையும் கொடுத்தேன். ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தியதும் வருகிற பழைய மெனுவில் ‘வரைவுகள்’ தெரிகிறது, சொடுக்கினால் உடனே திறக்கிறது!

சிக்கல் இதற்குப் பிறகுதான். நான்கையும் ‘என் வேலை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்க விரும்பி, அதற்கென ஒரு கீ உருவாக்கி, மெனுவில் தெரியும் பெயருக்கான ‘எம்யுஐவெர்ப்’பில் தலைப்பைக் கொடுத்து, துணை மெனுவுக்கான ‘சப்கமாண்ட்ஸ்’ மதிப்பைக் காலியாக விட்டேன். தலைப்பும் அம்புக்குறியும் வருகின்றன. உள்ளே ஒன்றும் விரியவில்லை. நான்கு கீகளையும் தலைப்புக் கீயின் கீழ் நேரடியாக வைத்திருக்கிறேன். இடையில் இன்னொரு ‘ஷெல்’ வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் கீகளின் வரிசையை அப்படியே எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.