ரங்கூன் வீடு: குடும்பக் குழு

2021 மே 28, வெள்ளி

கயல்: அப்பா, கடைசித் தேர்விலும் தேறிவிட்டேன். ஜூலையில் டிக்கெட் பார்க்கட்டுமா? அப்பத்தா முகம் கண்ணிலேயே நிற்கிறது.

அப்பா: ரொம்பச் சந்தோஷம் அம்மா. டிக்கெட் மட்டும் பார்க்காதே.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கயல்: அம்மா என்ன எழுதினார்கள்? ஏன் நீக்கினார்கள்?

அப்பா: நான்தான் நீக்கச் சொன்னேன். சாலையில் நிறுத்திக் கைபேசியை வாங்கிப் பார்க்கிறார்கள். நீ வராதே, அவ்வளவுதான்.

கயல்: வராமல் எப்படி அப்பா? படிப்பு முடிந்தால் மாணவர் விசாவில் 60 நாள்தான் இருக்கலாம். ஊருக்குத் திரும்பும் எண்ணத்தில் வேலைப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கவில்லை.

அத்தை (சென்னை): செந்திலிடம் கேள். நேற்று ஏதோ சொன்னான்.

செந்தில் அத்தான்: கயல், உனக்கு வழி திறந்திருக்கிறது. தற்காலிகப் பாதுகாப்பு நிலை, டிபிஎஸ். பர்மாவுக்கு 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். 2022 நவம்பர் 25 வரை. செவ்வாய்க்கிழமை அமெரிக்க அரசிதழில் வந்துவிட்டது, நானே படித்தேன். மார்ச் 11 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். நீ இரண்டு வருடமாக இண்டியானாவை விட்டு நகரவில்லை, அதனால் கவலை இல்லை. இது இருக்கும்வரை உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், வேலை அனுமதியும் கிடைக்கும்.

அப்பா: மருமகனே, தஞ்சம் கேட்டாள் என்று இங்கே யாருக்காவது தெரிந்தால்?

செந்தில் அத்தான்: இது தஞ்சம் இல்லை மாமா. தஞ்சம் கேட்பவர் தன் தலைக்கு என்ன ஆபத்து என்று நிரூபிக்க வேண்டும். இதில் அந்தக் கதையே வேண்டாம். பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாட்டில் நடப்பதே காரணம். 1990இல் போட்ட சட்டம். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டிக்கும் நேபாளத்துக்கும் இதைத்தான் கொடுத்தார்கள்.

அத்தை: 18 மாதம் முடிந்தால்?

செந்தில் அத்தான்: முடிவதற்கு 60 நாள் முன்பே, நீட்டிப்பதா வேண்டாமா என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் முடிவு செய்ய வேண்டும். எல் சால்வடார்க்காரர்கள் 2001இலிருந்து நீட்டித்து நீட்டித்தே வாழ்கிறார்கள். அதனாலேயே கிரீன் கார்டு வந்துவிடாது, கயல். அந்த ஆசையோடு போகாதே.

கயல்: நடுவில் ஒரு பத்து நாள் அப்பத்தாவைப் பார்த்துவிட்டு வரலாமா?

செந்தில் அத்தான்: முன்கூட்டியே பயண அனுமதி வாங்காமல் கிளம்பினால் எல்லாம் போய்விடும்.

அம்மா: அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். "பிள்ளை அங்கேயே இருக்கட்டும், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்" என்று எழுதச் சொல்கிறார்கள்.

கயல்: 😭

கயல்: எவ்வளவு செலவாகும் அத்தான்?

செந்தில் அத்தான்: படிவத்துக்கு 50, கைரேகைக்கு 85, வேலை அனுமதிக்கு 410. மொத்தம் 545 டாலர். நான் கட்டுகிறேன், பேசாமல் இரு. நவம்பர் 22 கடைசி நாள். அதுவரை இழுக்காதே, உன் 60 நாளை மனத்தில் வை. பாஸ்போர்ட்டோடு பிறப்புச் சான்றிதழையும் வை.

கயல்: அதில்தான் பயம். பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர். சான்றிதழில் கயல்விழி.

அத்தை: நம் ரங்கூன் தமிழர் வீடுகளில் யாருக்குத்தான் ஒற்றைப் பெயர்? பள்ளியில் சேர்க்க ஒன்று, சாமி முன்னால் கூப்பிட ஒன்று. தம்பிக்கே மூன்று உண்டு.

செந்தில் அத்தான்: வேறு பெயர்கள் உண்டா என்று படிவத்திலேயே இடம் இருக்கிறது. இரண்டையும் எழுது, ஒன்றையும் மறைக்காதே. சான்றிதழ் பர்மிய மொழியில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். அனுப்பும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடு. பல்கலைக்கழகத்திலேயே கேட்டுப் பார்.

அப்பா: 📷 படம்

அப்பா: தகரப் பெட்டியில் இருந்தது. ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன.

கயல்: பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள் அப்பா. முத்திரை அங்கேதான் இருக்கிறது.